ஹெல்மெட் கழற்றாத நோயாளி

என்னிடம் வந்தவர்களிலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல் மாத்திரை விழுங்கியவர் அவர் ஒருவர்தான்.

அப்போது மந்தாரக்குப்பத்தில் நான் அங்கன்வாடி ஊழியர். காசநோய் மாத்திரைகளை எங்களைப் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. திங்கள், புதன், வெள்ளி. ஆளுக்கு ஒரு பெட்டி, மேலே பெயர். என் கண்ணெதிரே விழுங்க வேண்டும், நான் அட்டையில் குறிக்க வேண்டும். சுரங்கத்துக் கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள் லுங்கியோடு வந்து, என் சொம்புத் தண்ணீரிலேயே விழுங்கி, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள்.

இவர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர், சுரங்கத்தில் பர்மனென்ட். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தால் குடியிருக்கும் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடுமென்று வெளியே வந்த கௌரவஸ்தர். வாசலில் வண்டியை நிறுத்துவார், எஞ்சினை அணைக்க மாட்டார். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் விழுங்குவார். என் வீட்டுத் தண்ணீர் ஆகாது. நோய் அவருக்கு, தீட்டு எனக்கு!

முதல் நாளே கேட்டேன். "வூட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களா சார்? ஆறு வயசுக்குள்ள இருந்தா கூட்டிக்கினு வாங்க. அதுங்களுக்கும் பரிசோதன பண்ணி மாத்திர தருவாங்க."

"யாரும் இல்லம்மா. நானும் ஒய்ஃபும்தான்."

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, டவுன்ஷிப் மார்க்கெட்டில் அவருடைய வண்டியைப் பார்த்தேன். பக்கத்தில் அவர், தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அவர் இருமினார். அது சிரித்துக்கொண்டே, "அப்பா, இருமாத" என்று உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தியது.

மறுநாள் கேட்டதற்கு, "அது எங்க அக்கா பொண்ணு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குச் சோறாவது கொஞ்சம் கூடுதலாக வேண்டாமா? ஜீப்பில் வந்து அட்டையைச் சரிபார்க்கும் மேலதிகாரியிடம் சொன்னேன். "பர்மனென்ட் ஆளும்மா, நமக்கெதுக்கு வம்பு" என்று சொல்லி, நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவரும் ஒரு மனிதர்.

புதன்கிழமை ஹெல்மெட்காரர் வரவில்லை. வராதவரின் வீட்டுக்கு நாமே போய்க் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதுவரை நான் சலித்துக்கொண்டே செய்த வேலை அது. அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு, அட்டையிலிருந்த முகவரிக்கு ஓட்டமாய்ப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. நைட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை.

"சார் மாத்திரைக்கு வரலைங்க, அதான் கொண்டாந்தேன்" என்றேன்.

பெட்டியில் கணவர் பெயரைப் படித்துவிட்டு, "என்ன மாத்திரை?" என்றாள். சொன்னேன். உடனே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து அவர் வந்தார்.

"என் மானத்தையே வாங்கிட்டியேம்மா!"

"மானத்துக்கு இருமல் வராதுங்க சார். புள்ளைக்கி வரும்."

புகார் எழுதி என் வேலைக்கு உலை வைப்பாரோ என்று பயந்தது உண்மை. சொன்னதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

குழந்தைக்கு நோய் இல்லையென்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். ஆனாலும் தடுப்புக்காக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டுமென்றார்கள். முதல் மாத்திரையை என் வீட்டில்தான் பொடித்துக் கொடுத்தோம். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள் அவர் மனைவி. குழந்தை என் டம்ளரில் குடித்துவிட்டு, மிச்சத்தைச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனது. அங்கே எஞ்சினை அணைக்காமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இந்தா குடி."

அவர் கண்ணாடியை மேலே தள்ளி, தன் பாட்டிலைத் திறந்தார்.