முருகனுக்கு வைத்திருந்த முடி

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி வேலை, அதாவது அலுவலகக் கணக்கு வேலை பார்த்து வந்தேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த மகளுக்கு அப்போது பதினொரு மாதம். தைப்பூசத்தில் முருகனுக்கு முதல் முடி இறக்குவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்ததால், அந்தத் தலையில் கத்தரிக்கோலே பட்டதில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

அப்போதுதான் வாந்தியும் பேதியும் வந்தன. ஒரே நாளில் பிள்ளையின் கண்கள் குழி விழுந்துவிட்டன. ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே நரம்பில் தண்ணீர் ஏற்றாவிட்டால் பிழைக்காது என்றார் டாக்டர். வற்றிப்போன உடம்பில் நரம்பு எங்கே தெரியும்? தடவித் தடவித்தான் குத்த வேண்டும். நான் இடைஞ்சல் செய்கிறேன் என்று என்னை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவோரம் நின்று ஒவ்வொரு வீறலையும் எண்ணினேன். ஒன்பதாவதோடு சத்தம் நின்றுபோனது.

உள்ளே ஓடினேன். பிள்ளையின் தலையில் ஒரு பக்கம் முடியே இல்லை. காதுக்கு மேலே, தலையிலேயே ஊசி, அதிலிருந்து குழாய். மூளையில் குத்திவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிடுங்கப் போன என் கையை மனைவி இறுக்கிப் பிடித்தாள்.

"கையை எடுங்க. மிஸிகிட்ட மழிக்கச் சொன்னதே நான்தான்."

சாமி முடியாயிற்றே என்று முனகினேன்.

"புள்ள இருந்தாத்தானே லா சாமிக்கு முடி."

கைகால் நரம்பெல்லாம் அமுங்கிவிட்டதாகவும், தலைத்தோலில் ஓடுவது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்ததாகவும், மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் அந்த மிஸி, அதாவது தாதி, பொறுமையாகச் சொன்னார். சாயங்காலம் பிள்ளை மறுபடி வீறிட்டு அழுதாள். அந்த அழுகையை மட்டும் நான் எண்ணவில்லை.

தைப்பூசத்தன்று பாதி முடியோடுதான் கோயிலுக்குப் போனோம். முடி இறக்கியவர், "மீதியை யாருக்குக் கொடுத்தீங்க அண்ணே?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு," என்றாள் என் மனைவி.

சில ஆண்டுகளுக்கு முன் அதே மகளின் மகனுக்கு நரம்பில் ஊசி ஏற்ற வேண்டி வந்தது. கையில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார்கள். நரம்பு திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. ஊசி முனை அதை நோக்கிப் போவதும் தெரிந்தது. ஒரே குத்து. நான் அடுத்த குத்துக்குக் காத்திருந்தேன். "முடிஞ்சிருச்சுப்பா," என்றாள் மகள். பேரன் ஆஸ்பத்திரியே அதிர அழுதுகொண்டிருந்தான். எல்லோரும் அவனைச் சமாதானப்படுத்தினார்கள்; எனக்கோ அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்றிருந்தது.