அவர் சாப்பிட்ட இடம்

என் கணவர் இறந்த எட்டாம் நாள், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் கூடியிருந்த பெண்கள் என்னிடம் வந்து, "அவருக்கு என்னென்ன விருப்பம், சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு என்றால் அதுதான். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். கடைசியில் அவர்களே ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பொரியல், ஒரு சின்ன விஸ்கிப் போத்தல் என்று எல்லா ஆண்களுக்கும் வைப்பதை வைத்தார்கள். அவர் குடிக்கவே மாட்டார்.

எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. லண்டன் நகரத்தின் பழைய பகுதியில் இருக்கும் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் அவர் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டினார். அறுநூறு வருடத்துக்கு முந்திய கட்டடம், முன்பு கிறிஸ்தவத் துறவிகளின் மடமாக இருந்ததாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சோறு கட்டிக் கொடுத்தேன். விடிய நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போக வேண்டும். அதனால் மூன்று மணிக்கு எழும்பிச் சமைப்பேன். முதல்நாள் கறியைக் கட்டிக் கொடுப்பது எனக்கு மானக்கேடு. அந்த வீம்பு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள், "நீர் இனிச் சாப்பாடு கட்ட வேண்டாம். அங்கை நல்ல சாப்பாடு குடுக்கினம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் மீன்குழம்பை அந்த இடத்தில் திறக்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அதன் பிறகு அவரைச் சும்மா விடவில்லை. லீவு நாளில் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம், "ராசா வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட வாய்க்கு என்ரை கறி இறங்குமோ?" என்று குத்துவேன். அவர் சிரித்துக்கொண்டு போட்டதையெல்லாம் சாப்பிடுவார். நன்றாக இருக்கிறதா என்றால் ஓம் என்பார். எதற்கும் ஓம்தான். அப்படிப்பட்டவரிடம் எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வருடம் முடிந்து செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, அந்த உணவகத்தில் ஒரு மதியத்துக்கு மேசை பதிவு செய்யும்படி மகளிடம் சொன்னேன். அவர் அங்கே என்ன சாப்பிட்டார் என்று பார்த்து, அதை வீட்டில் செய்து படைக்க வேண்டும். இந்த முறையும் யாரோ சொன்னதை வைக்க நான் தயாராக இல்லை. அவருடன் வேலை செய்த தமிழர் ஒருவர் அங்கே இருக்கிறார், அவருக்குப் போன் எடுத்தாலே போதும் என்றாள் மகள். புருஷனுக்கு என்ன பிடிக்கும் என்று இன்னொருவருக்குப் போன் எடுத்துக் கேட்பதா? அதற்குப் போய்ச் சாப்பிடுவதே மேல் என்றேன்.

மெட்ரோபொலிட்டன் லைனில் போனோம். உள்ளே போனதும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். உயரமான கல்மண்டபம். கருத்துப்போன மரக்கூரை. சுவரின் பாதி உயரத்தில் கல்லில் ஒரு மேடை இருந்தது. முன்பு துறவிகள் பேசாமல் சாப்பிட, ஒருவர் அதில் நின்று வேதம் வாசிப்பாராம். பரிமாறிய பெண் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள். வெட்டிய பாண் துண்டுகளும் பட்டரும் வந்தன. நான் தாரா இறைச்சிக்குச் சொன்னேன். அதுதான் விலை கூடியது, அவருக்கும் அதுதான் பிடித்திருக்கும் என்று ஒரு கணக்கு.

மகள் அந்தப் பெண்ணிடம் நாங்கள் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். சாப்பாடு வந்த கொஞ்ச நேரத்தில் அந்தத் தமிழர் வெள்ளை மேலங்கியோடு வெளியே வந்தார். பிரான்சிலிருந்து வந்தவர், என் கணவர் பிடித்துக் கொடுத்த வேலை. செத்தவீட்டுக்கு வந்து கதவடியில் நின்றுவிட்டுப் போனவர். இருக்கச் சொன்னேன், இருக்கக் கூடாது என்றார்.

நான் சாப்பாட்டு அட்டையை அவர் பக்கம் திருப்பினேன். "தம்பி, இதிலை அவருக்கு எது விருப்பம்?"

அவர் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, இது வாற ஆக்களுக்கு. எங்களுக்கு நாலு மணிக்கு வேறை சமைப்பினம்."

"சரி, அதிலை?"

"அதை அண்ணை சாப்பிடுறேல்லை. எல்லாத்துக்கும் மாட்டெலும்பு அவிச்ச தண்ணிதான் விடுறது. அண்ணை தொடமாட்டார்."

"அப்ப என்ன சாப்பிட்டவர்?"

"பாண். பட்டர் பூசி, வெங்காயம் வெட்டி வைச்சு, பச்சைமிளகாயைக் கடிச்சுக்கொண்டு சாப்பிடுவார். மிளகாய் வீட்டிலையிருந்து கொண்டுவருவார்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் அக்கா. நான் கண்ட பன்னிரண்டு வருஷமும்."

எனக்கு முன்னால் இருந்த தாரா ஆறிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஏன் கொண்டுவரவில்லை என்று நீங்கள் ஒருநாளும் அவரைக் கேட்கவில்லையா என்றேன். குற்றம் பிடிக்கிற குரலில்தான் கேட்டேன். தம்பி கையைத் துவாயில் துடைத்தார்.

"கேட்டனான். 'அவள் பழங்கறி கட்டித் தரமாட்டாள். கட்டச் சொன்னால் மூண்டு மணிக்கு எழும்பிச் சமைப்பாள். அந்த ஒரு மணித்தியாலமாவது படுக்கட்டும்' எண்டவர்."

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்காகப் பட்டினி கிடக்க இவர் யார் என்று கோபம். பிறகு நான் குத்திக் குத்திச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது. அவர் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்த மண்டபத்தில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அழுதேன். மகள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, இட்ஸ் ஓகே" என்றாள். ஓகே இல்லை என்று அவளுக்கும் தெரியும். பரிமாறிய பெண் வந்து சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டாள். இல்லை என்று மகள் தலையாட்டினாள்.

வரும்போது ரயிலில் மகள் கேட்டாள். "அப்பாக்குப் பாணும் பட்டரும் வைப்பமா அம்மா? வெங்காயம், மிளகாய் எல்லாம்?"

"வேண்டாம்" என்றேன். பாண் அவருடைய விருப்பம் இல்லை, என்னுடைய நித்திரை. அதை அவருக்கு இன்னொரு முறை தின்னக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திவசத்தன்று நான் மூன்று மணிக்கு எழும்பினேன். வேலைக்கு லீவு எடுத்திருந்தேன், அந்த நேரத்தில் எழும்ப வேண்டிய தேவையில்லை. சோறு காய்ச்சி, பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, வாழைக்காய் பொரித்து, எல்லாவற்றையும் வாழையிலையில் சூடாகக் கட்டிப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பத்து மணிக்கு வந்த பெண்களில் ஒருத்தி கட்டுச்சோற்றைப் பார்த்துவிட்டு, "இதுவோ அவருக்கு விருப்பம்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.