நோன்பு மாதத்தில் பிப்பெட்

இப்போதெல்லாம் பிள்ளைகள் பிப்பெட்டின் தலையில் ரப்பர் பந்தைச் செருகி அமுக்குகிறார்கள். கொடுத்து வைத்தவர்கள். எண்பதுகளில் நாங்கள் பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படித்தபோது எங்கள் கல்லூரி அந்தப் பந்தைக் கண்ணால் கண்டதில்லை. அமிலமோ காரமோ, அந்தக் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, கோட்டைத் தாண்டியதும் மேல்துளையை விரலால் சட்டென்று மூட வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய்க்குள் வந்துவிடும். சேர்ந்த புதிதில் காரத்தை உறிஞ்சி நாக்கு வெந்து, மோர்சாதத்தோடு கிடந்தவள் நான்.

என் பக்கத்து மேஜைக்காரியின் அப்பா குமணன்சாவடியில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். ஒரு பாடத்தில் தோற்றாலும் படிப்பு அத்தோடு சரி என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்துவிட்டிருந்தார். அந்த மனுஷனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காது.

ஆண்டுத் தேர்வு நோன்பு மாதமாகப் பார்த்து வந்து தொலைந்தது. அவள் நோன்பிருந்ததால் பயிற்சி வகுப்புகளில் அவளுக்கும் சேர்த்து நானே உறிஞ்சிக் கொடுத்தேன். செய்முறைத் தேர்வில் அது நடக்குமா? வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் தலைமேல் நிற்பாரே!

"ஒரு நாள் நோம்பு வைக்காட்டி இன்னாடி ஆயிடும்?" என்று கேட்டேன்.

"வாயில பட்டா ஒண்ணும் ஆவாது. முழுங்கினாத்தான் முறியும். நான் பாத்துப்பேன்."

"பாத்துகினே இரு!" என்று எரிந்து விழுந்தேன்.

தேர்வன்று நான் பயந்தபடியே ஆயிற்று. பயந்து பயந்து உறிஞ்சியவள் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தொட்டிக்கு ஓடி, துப்பித் துப்பி வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அவசரமாகத் திரும்பி வந்தாள். மேலே குழாயிலிருந்த பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தவள், இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தத் தவறி, குடுவை முழுக்கக் கருஞ்சிவப்பாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு அளவீடுகளாவது ஒத்துப்போனால்தான் மதிப்பெண். அவள் ஒன்றை முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வந்து, "ஒரு மடக்கு உள்ள பூட்ச்சுடி" என்று சுவரோரம் நின்று அழுதாள். மேனாம்பேட்டில் என் வீட்டுக்குப் போக வேண்டிய நான், அவளோடு குமணன்சாவடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். "உங்கப்பாகிட்ட நான் பேசறேன், நீ சும்மா வா" என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

கடைக்குள் அவர் தரையில் உட்கார்ந்து மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் பஞ்சு.

"அத்தா, நோம்பு போச்சு. பரீட்சையும் போச்சு" என்று இவள் விம்மினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "உள்ள போனது இன்னா மருந்தும்மா? வயிறு கியிறு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவ மேல தப்பே இல்லீங்க. இதுக்குப் போய்ப் படிப்ப நிறுத்துவீங்களா?" என்று கத்தியேவிட்டேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? சண்டைக்கு வந்துகினு கீது" என்று அவர் மகளிடம் கேட்டார். பிறகு, "அத வுடு. நோம்பு தவறிப் போனா நாம இன்னா பண்ணுவோம்?" என்றார்.

"பெருநாள் முடிஞ்சு வேற ஒரு நாள் வச்சிடுவோம்" என்றாள் அவள்.

"அப்ப பரீட்சையும் தவறுனா வேற நாள் எழுது. அல்லாவே இன்னொரு நாள் குடுக்குறான், நான் குடுக்க மாட்டேனா?"