தீவுத் தவளைக்குச் சாம்பிராணி

தவளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பேச்சுத்துணை கிடையாது. நாள் முழுக்கத் தனி அறையில் வேலை செய்யும் அன்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஈப்போ நகரில் ஒரு விலங்குப் பூங்கா. அதில் தவளை அறைக்குச் சமையல்காரனும் தாதியும் நான்தான். உலகத்திலேயே ஒரே ஒரு தீவில் மட்டும் வாழும் இனம் அது. எங்களிடம் ஒரு ஜோடி இருந்தது. பெட்டை செத்துப்போய், இப்போது ஒருவன்தான் மிச்சம்.

காலிக் கண்ணாடி

பள்ளி விடுமுறையில் சிலிம் ரிவர் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நம் ஆள் கட்டைவிரல் அளவுதான். இலைக்கடியில் போய் ஒளிந்துகொண்டான். தீவின் பெருமையை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்த அம்மா கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"காலிக் கண்ணாடிக்கா அண்ணே டிக்கெட் போட்டீங்க?"

பதில் குரல்

மத்தியானம் தண்ணீர் தெளித்தால் மழை என்று நினைத்து "டிக், டிக்" என்று கூப்பிடுவான். பதில் வராது. மனசு கேட்காமல் ஒருநாள் நாக்கைச் சொடுக்கிப் பதில் கொடுத்தேன். உடனே அவனும் கொடுத்தான்! அன்றுமுதல் தினமும் பேச்சுதான். மனைவி தவறிப்போனபிறகு என் குரலுக்கு வந்த பதில் அது ஒன்றுதான். பறவைப் பிரிவு ரவி இதைப் பார்த்துவிட்டான்.

"பொம்பளத் தவளை இப்படிக் கத்தாது மச்சான். உன்னையப் போட்டிக்கு வந்த ஆம்பளன்னு நெனச்சி ஏசுறான் லா!"

ஆயுத பூஜை

தீவிலிருந்து ஒரு பெட்டை கொண்டுவர அனுமதி கேட்டு அலுவலகம் போயிருந்தேன். திரும்பி வந்தால் அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை! துப்புரவு வேலை செய்யும் செல்வி, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டிருந்தாள். தவளை தோலாலும் மூச்சு விடுகிற பிராணி. கத்திக்கொண்டே அவனை வேறு பெட்டிக்கு மாற்றினேன். "தனியா இருக்கானேன்னு சாமி கும்பிட்டேன் அண்ணே" என்று அழுதாள்.

பிழைத்துக்கொண்டான், ஆனால் குரல் போய்விட்டது. தண்ணீர் தெளித்தேன், நாக்கு வலிக்கச் சொடுக்கினேன். ஒன்றுமில்லை. ஊருக்குள் சிலிபினில் என் வீடும் இப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும். அறையில் உட்காரவே பயமாக இருந்தது. ஒரு மத்தியானம் நான் வெளியே சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செல்வி மாப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க லா! உங்களத்தான் ஏசுறான்!"

பெட்டைக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதுவரை அவனுக்கு எதிரி என்று சொல்லிக்கொள்ள நானாவது இருக்கிறேன், எனக்கு அவனாவது இருக்கிறான்.