கோபன்ஹேகன் நேரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி

வால்டிஸ் எங்கள் ஊர் நகராட்சியின் வெந்நீர்த் துறையில் வேலை பார்ப்பவள். வயது ஐம்பத்தேழு. ஐஸ்லாந்தின் வடக்கே, கடல் உள்ளே நுழைந்து முட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நிலத்தடியிலிருந்து வரும் சுடுநீர்தான் வீடு, பள்ளி, நீச்சல்குளம் எல்லாவற்றையும் சூடாக்குகிறது. குழாய் போகும் இடமெல்லாம் ஒரு கருவி உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். மலை மாதிரி குவியும் அந்த எண்களைச் சலித்து, அடுக்கி, மனிதர்கள் பார்த்தால் புரிகிற கோட்டுப் படமாக்குவது அவள் வேலை.

அதற்கு முன் இருபது வருஷம் மீன் ஆலையில் காட் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆலை மூடியதும் ஆறு மாதம் கணினி படித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கைவேலை மாறியதே தவிர முள் தேடும் கண் மாறவில்லை.

வந்த முதல் மாதமே தலைமையாசிரியை போனில் அலறினார். “வால்டிஸ்! ராத்திரி பூரா ஸ்கூல் ஜீரோ டிகிரியாமே? குழாயெல்லாம் வெடிச்சிருக்குமே!”

பள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவியின் ஒயர் கழன்றிருந்தது. எண் வராத நேரத்தையெல்லாம் பூஜ்யம் என்று வரைந்து வைத்திருந்தார் வால்டிஸுக்கு முன்னால் இருந்தவர்.

“ஜீரோன்னா ஐஸ். தெரியலைன்னா தெரியலை. ரெண்டையும் ஒரே கோட்டுல போடுறவன் கையில பேனாவே குடுக்கக் கூடாது” என்றாள். அன்று முதல் எண் இல்லாத இடத்தில் கோடும் இல்லை, வெறும் இடைவெளி.

இப்போது நீச்சல்குளத்துக் கதைக்கு வருகிறேன்.

குளத்தின் ஓரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. எட்டுப் பேர் கழுத்தளவு முங்கி உட்காரலாம். ஊரின் உண்மையான நகர்மன்றம் அதுதான். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். முதலில் வருபவர் எட்லிதி, எழுபத்துநான்கு வயது, ஓய்வுபெற்ற மீன்பிடிக் கப்பல் கேப்டன். அரை மணி நேரம் தொட்டி அவருக்கு மட்டும். ஏழரைக்குப் பாதிரியார் ஹெர்போர்க் அம்மா, தபால் நிலையத்து நான், வால்டிஸ், இன்னும் சிலர் சேருவோம்.

கேப்டனுக்கு ஒரே புலம்பல்தான். “இது வெந்நீரா? காட் மீனே சளி பிடிச்சுச் செத்துடும்.”

குள மேலாளர் ஸ்னைபியோர்ன் காபிக் குடுவையோடு வந்து வரவேற்பறைத் திரையைக் காட்டுவார். “கேப்டன், படத்தைப் பாருங்க. வாரம் பூரா முப்பத்தொம்பதரை. கோடு அசையவே இல்லை. உங்க ரத்தம்தான் ஆறிப்போச்சு.”

கோடு அசையாததற்குக் காரணம் இருந்தது. ஆறு மணி நேர அளவுகளைக் கலந்து சராசரியாக்கி ஒரே புள்ளியாக வைத்திருந்தார் பழைய ஆள். பக்கவாட்டு அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கி நூறு வரை. அதில் தொட்டி கொதித்தாலும் சின்ன விக்கல் மாதிரிதான் தெரியும். கீழே கிழமைகள் மட்டும், மணி கிடையாது.

மே மாதம் ஒரு நாள் வால்டிஸுக்குக் கை அரித்தது. சேமிப்பில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சராசரியோடு உச்ச அளவும் ஒரு வருஷத்துக்குத் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் வரைந்ததில்லை. அவள் உச்சத்தை எடுத்தாள். அளவுகோலை முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குள் சுருக்கினாள். அந்த மாதத்து நாட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே மணியைப் போட்டாள்.

தினமும் காலை ஏழு மணிக் கட்டத்தில் தேவாலயக் கோபுரம் மாதிரி ஒன்று எழும்பி நின்றது. நாற்பத்துமூன்று புள்ளி ஒன்பது.

படம் வரவேற்பறைத் திரைக்குப் போன அன்று தொட்டியில் ஒரே கும்மாளம்.

“ஏழு மணிக்கு இங்க யாரு தனியா இருக்காங்க?” என்று ஹெர்போர்க் அம்மா வானத்தைப் பார்த்துக் கேட்டார். “ஆண்டவரைத் தவிர?”

“பாவமன்னிப்புக் கேட்டுடுங்க கேப்டன்” என்றேன் நான். “வால்வைத் திருகிக் குளிச்சிட்டு, எங்ககிட்ட குளிருதுன்னு நடிப்பு வேற!”

“நான் எந்த எழவு வால்வையும் தொடலை!”

ஸ்னைபியோர்ன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். “வயசானவர், விடுங்க. இனிமே செய்ய மாட்டார்.”

கேப்டன் எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் உட்காரும் மூலை காலியாகக் கிடந்தது. யாரும் அங்கே நகரவில்லை.

படம் தன்னுடையது, பழியும் தன்னுடையது என்று வால்டிஸுக்குத் தோன்றியது. அன்று மதியமே அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் காய்ந்த மீனைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார், தேவைக்கு மேலேயே பலமாக.

“கேப்டன், நான்…”

“உக்காரு. நாப்பது வருஷம் கடல்ல இருந்தவன் நான். ஒரே ஒரு கேள்விதான். உன் படம் யாரோட கடிகாரத்துல ஓடுது?”

“யாரோடன்னா? ஏழு மணின்னா ஏழு மணிதானே?”

“கப்பல்ல அப்படிச் சொல்லியிருந்தா உன்னைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன். எந்தத் துறைமுகத்து ஏழு?”

வால்டிஸ் காபியைப் பாதியில் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். பின்னோக்கிப் போய்க் குளிர்காலத்தைத் திறந்தாள். ஜனவரியில் கோபுரம் ஆறு மணியில் நின்றது! மார்ச் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் வரை ஆறு, அந்த ஞாயிறிலிருந்து ஏழு. எங்கள் நாட்டில் கோடைக்கென்று யாரும் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. திருப்புகிறவர்கள் டென்மார்க்காரர்கள். வரையும் நிரலின் அமைப்பைத் திறந்தால், ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோபன்ஹேகன்.

சேமித்த எண்களில் தவறில்லை. எடுத்து வரையும்போதுதான் குளிர்காலத்தில் ஒரு மணியும் கோடையில் இரண்டு மணியும் கூடியிருந்தது. சரிசெய்தாள். ஆறும் ஏழும் சறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் வந்து விழுந்தன. காலை ஐந்து மணி.

ஐந்து மணிக்குக் குளம் பூட்டியிருக்கும். சாவி ஒருவரிடம்தான்.

வால்டிஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேப்டனுக்கு மட்டும் போன் போட்டு, “நாளைக்கு வாங்க, ப்ளீஸ்” என்றாள். மறுநாள் எல்லோரும் கழுத்தளவு முங்கியபின் ஈரக் கையோடு ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“மொதல்ல இதைக் கேளுங்க. நம்ம நாடு டென்மார்க்கை விட்டுப் பிரிஞ்சு எண்பது வருஷம் ஆச்சு. இந்தத் தொட்டிக்கு மட்டும் இன்னும் தகவல் போகலை. நேத்துதான் விடுதலை வாங்கிக் குடுத்தேன். அந்தக் கோபுரம் ஏழு மணி இல்லை, அஞ்சு மணி.”

காகிதத்தில் கோபுரம் இல்லாத ஓர் இடத்தை விரலால் தொட்டாள்.

“பிப்ரவரியில ரெண்டு வாரம் மட்டும் கோபுரமே இல்லை. அப்போ ஊர்ல யாரு இல்லைன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

“டெனெரிஃப் தீவுல வெயில் காய்ஞ்சுட்டு இறால் மாதிரி செவந்து வந்தாரே…” என்று ஆரம்பித்த ஹெர்போர்க் அம்மா நிறுத்திவிட்டுத் திரும்பினார். நாங்களும் திரும்பினோம்.

ஸ்னைபியோர்ன் காபிக் குடுவையோடு நின்றுகொண்டிருந்தார். பிப்ரவரியைவிட இப்போது அதிகமாகச் சிவந்திருந்தார்.

“முதுகு வலி” என்றார் மெதுவாக. “அஞ்சு மணிக்கு வந்து, கொஞ்சம் சூடா… அப்புறம் சட்டுனு பச்சைத் தண்ணி விட்டு ஆத்திடுவேன். சில நாள் கொஞ்சம் அதிகமா ஆறிப்போயிடும்.”

“அந்தக் கொஞ்சத்துலதான் நான் தெனமும் உக்காந்தேன்!” என்று கேப்டன் கர்ஜித்தார்.

“அவர் ரத்தம் ஆறிப்போச்சுன்னு வேற சொன்னீங்களே ஐயா!” என்றேன். நாலு நாள் முன்பு நான் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை, நல்ல வேளை.

ஸ்னைபியோர்ன் குனிந்து கேப்டனின் குவளையில் காபியை விளிம்புவரை ஊற்றினார். “மன்னிச்சிடுங்க எட்லிதி. மாட்டிக்குவேன்னு பயந்துதான் அன்னிக்கு அப்படிச் சிரிச்சேன்.”

கேப்டன் காபியைக் குடித்து முடிக்கும்வரை காக்க வைத்தார். “எவ்ளோ சூடு வைப்பீங்க?”

“நாப்பத்துநாலு.”

“அதான்யா தண்ணி! நாளைக்கு அஞ்சு மணிக்குப் பின்கதவைத் திறந்து வைங்க.”

அப்படித்தான் முடிந்தது. இப்போது விடியற்காலையில் இருவரும் இரண்டு மூலைகளில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மணிக்கெல்லாம் தண்ணீரை நிதானமாக ஆற்றிவிடுகிறார்கள். நகராட்சிக்குத் தெரியும், வால்டிஸின் படமே சொல்கிறதே. ஆனால் அங்கேயும் பலருக்கு முதுகு வலி உண்டு.

போன வாரம் ஹெர்போர்க் அம்மா தொட்டியில் நகர்ந்து நகர்ந்து வால்டிஸின் காதருகே வந்தார். “சர்ச்சுலயும் ஒரு கருவி இருக்குல்ல? பிரசங்கம் நடக்கிறப்ப கதவு எத்தனை தரம் திறக்குதுன்னு வெப்பத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியும்” என்றாள் வால்டிஸ். “ஆனா பார்த்தா உங்களுக்கு வருத்தமா இருக்கும்.”