மில் கூரையில் ட்ரோன், எங்கேயோ மாடு

ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்ததும் கட்டுத்தரைக்குப் போனால் மாட்டைக் காணோம். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. பூஜைக்கென்று வாங்கிய புது நைலான் கயிறு. முதல் நாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சந்தனம் வைத்து, அந்த வழுக்குக் கயிற்றில் கட்டியவர் என் வீட்டுக்காரர். பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர். போன் செய்தபோது கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டாராம். "பக்கத்துலதான் எங்காச்சும் மேஞ்சுட்டிருக்கும், பாரு" என்று சொல்லிவிட்டு விசில் ஊதப் போய்விட்டார். இருபது வருஷமாக பஸ்ஸையே அடக்கி ஆளும் மனுஷனுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை.

வேறு நாளாக இருந்தால் நானும் பதறியிருக்க மாட்டேன். ஆனால் அது தலைச்சன் ஈத்து. மடி இறங்கி, இன்றோ நாளையோ என்று நின்ற மாடு. ஈனும் நேரத்தில் மாடு ஆள் இல்லாத இடமாகத் தேடிப் போகும். முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்து மாடு வாய்க்கால் ஓரம் தனியாக ஈன்று, ஆள் போய்ச் சேர்வதற்குள் கன்றை நாய்கள் கடித்துவிட்டன. அதை நான் கண்ணால் பார்த்தவள். போதாததற்கு, எங்கள் மாடு பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்தது. பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தது நான்தான். தாய் நக்கிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்றே தெரியாத ஜீவன், தன் கன்றைக் கண்டு மிரண்டு உதைத்துவிட்டால் என்ன செய்வது?

தென்னந்தோப்பு, சோளக்காடு, வாய்க்கால் மேடு எல்லாம் சுற்றிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் கொழிஞ்சாம்பாறையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுப்பதில் இந்தப் பக்கம் அவனுக்கு நல்ல பெயர். ஆகாயத்திலிருந்து படம் எடுக்கிறவனுக்கு அரிசிச் சாக்கின் மேல் ஏறி நின்றாலே தலை சுற்றும். சின்ன வயதில் கொய்யா மரத்தில் ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் மத்தியானம் வரை அழுதவன். அதைச் சொல்லிக் காட்டாத ஒரு விசேஷமும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

"அஞ்சே நிமிசமுங்க்கா. மாடு எங்க படுத்திருந்தாலும் காட்டிக் குடுத்துரும்" என்று பெட்டியோடு வந்து இறங்கினான்.

மூடிக் கிடந்த பழைய அரிசி மில்லின் நெல் காயவைக்கும் களம்தான் சமதளமாக இருக்கும் என்று அங்கே வைத்து ட்ரோனைக் கிளப்பினான். ஈக்கூட்டம் போல இரைந்துகொண்டு மேலே போனது. போன் திரையில் எங்கள் ஊரே தெரிந்தது. சோளக்காடு தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது, சாமான் கழுவப்போட்டுவிட்டு எங்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கூடத் தெரிந்தாள். மாடு தெரியவில்லை. பேட்டரி குறைகிறது என்று திரும்பி வரவைத்தான். வந்தது. நேராக மில்லை நோக்கி வந்து, கூரை இருப்பதே தெரியாததுபோல் அதன் உச்சியில் மோதி, தகரத்தில் சறுக்கி, மில்லின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் போய் விழுந்தது.

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் பொள்ளாச்சியில் கல்யாணம், பெண் வீட்டாருக்கு ட்ரோன் கட்டாயம் வேண்டுமாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. மாட்டைத் தேட வராத ஊர், ட்ரோனைப் பார்க்க வந்துவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் களத்தில் நின்று அண்ணாந்து பார்த்து யோசனை சொன்னார்கள். கல் விட்டு எறியலாம் என்றார் ஒருவர். ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிட வேண்டும், அதற்கு முன்னால் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். என் மாட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

தோப்பில் கள் இறக்குகிறவரைத் தம்பி கையோடு கூட்டிவந்தான். எந்த உயரத் தென்னையிலும் பேசிக்கொண்டே ஏறுகிற ஆள். மில் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மரமுன்னா கட்டிப் புடிச்சுக்கலாமுங்க. செவுத்தை எங்கீங்க கட்டிப் புடிக்கறது?" என்று கேட்டுவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சனியன் பிடித்த ட்ரோன் கீழே வந்தால்தான் தம்பி மாட்டைத் தேட வருவான். தொட்டிக்குப் போக மில் சுவரிலேயே இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள், துருப்பிடித்த அதில் கால் வைக்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்கு ஓடி, ஆட்டுக்குத் தழை இழுக்கிற தொரட்டியையும் கயிறு கட்டிய ஒரு வாளியையும் எடுத்துவந்தேன். நைட்டியின் மேல் போட்டிருந்த வீட்டுக்காரரின் சட்டையை இறுக்கி முடிந்துகொண்டேன்.

"அக்கா, வேண்டாமுங்க்கா!"

"அப்பறம் நீ ஏறறயா?"

அவன் ஒரு எட்டுப் பின்னால் போனான். தொரட்டியைத் தோளில் சாய்த்து, வாளிக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். கீழே பார்க்கவே இல்லை. எனக்குத் தைரியம் என்றெல்லாம் இல்லை, கோபம்தான். கோபம் இருக்கும்போது எனக்கு வேறெதுவும் தோன்றாது.

தொட்டி மேடையில் மண்டி போட்டு, தொரட்டியை நீட்டி ட்ரோனை இழுத்தேன். கையில் எடுத்துத் திருப்பியதும் விஷயம் புரிந்துவிட்டது. முந்தின நாள் ஆயுத பூஜையில் ஸ்டூடியோவில் இருந்த காமிரா, லைட், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன், ட்ரோனை மட்டும் விடுவானா? எதிரில் சுவர் வந்தால் பார்த்து விலகுவதற்காக முன்னால் இரண்டு சின்னக் கண்கள் அதற்கு உண்டு. இரண்டின் மேலும் அப்பிய சந்தனம், அதற்கு மேல் குங்குமம், காய்ந்து ஓடு மாதிரி இருந்தது.

"ஏண்டா, கண்ணுலயா பொட்டு வெப்பாங்க?" என்று மேலிருந்தே கத்தினேன்.

"மொகமுன்னு நெனச்சு வெச்சுட்டனுங்க்கா! என்னமோ எச்சரிக்கைன்னு போன்ல வந்துச்சு, நாந்தான் தள்ளி உட்டுட்டேன்!"

களமே சிரித்தது. ட்ரோனை வாளியில் வைத்துக் கயிற்றை மெதுவாக விட்டேன். கீழே கைதட்டினார்கள். தம்பி சட்டை நுனியில் எச்சில் தொட்டுச் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தான். நான் இறங்குவதற்காகப் படிப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் மில்லின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது.

பின்சுவர் இடிந்த இடத்தில், வேப்பமரத்து அடியில், ஆளுயரச் செடிகளுக்கு நடுவே என் மாடு நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் ஈரமாக ஏதோ அசைந்தது. நாங்கள் இத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமே அது ஈன்றுவிட்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டேன். ஒரு சத்தம் போட்டால் இந்தக் கூட்டம் மொத்தமும் பின்பக்கம் ஓடும். தலைச்சன் மாடு மிரளும். மிரண்டால் கன்றை மிதிக்கும், இல்லையென்றால் விட்டுவிட்டு ஓடும். மாடு மூக்கை நீட்டிக் கன்றை முகர்ந்தது, சட்டென்று பின்வாங்கியது. மறுபடி முகர்ந்தது. நக்குடி, நக்குடி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"அக்கா, எறங்குங்க்கா!"

நான் பேசவில்லை. பேசாமல் இருக்கும் என்னை இந்த ஊர் பார்த்ததே இல்லை. அதனால் கீழே கலவரம் ஆகிவிட்டது.

"ஏனுங்க, மயக்கமா இருக்குமோ?"

"அக்கா, கீள பாக்காதீங்க! கெட்டியாப் புடிச்சுக்கோங்க!"

"ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிடுங்கப்பா!"

எனக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க, தம்பி வேறு பேட்டரி போட்டு ட்ரோனைக் கிளப்பிவிட்டான். அது இரைந்துகொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கீழே மாடு காதை விறைத்துக்கொண்டு நிமிர்ந்தது. நான் ட்ரோன் பக்கம் திரும்பி ஒரு கையால் தொரட்டியை ஓங்கினேன், மறுகை விரலை உதட்டில் வைத்தேன். அந்த நேரத்தில் போன் திரையில் அவனுக்கு முதலில் தெரிந்தது என் முகமாம். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். என் முகத்துக்குப் பின்னால், கீழே, மாடும் கன்றும்.

ட்ரோன் உடனே விலகி, தூரமாகப் போய்ச் சோளக்காட்டு ஓரம் இறங்கியது. தம்பி களத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய்ப் போனில் பதிவானதைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு வாயை மூடச் சொன்னான். அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கள் இறக்குகிறவர் தும்மலை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

மாடு மறுபடி குனிந்தது. இந்த முறை நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. பிறகு இன்னொன்று. பிறகு தலையிலிருந்து வால் வரை நிறுத்தவே இல்லை. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கன்று எழப் பார்த்து விழுந்தது, எழுந்தது, முன்னங்காலுக்கு நடுவில் போய் முட்டி ஏமாந்தது, ஒருவழியாகப் பின்னால் வந்து காம்பைப் பிடித்தது. அதன் வால் ஆடுவது மேலிருந்தே தெரிந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கலாம் என்று காலைப் படியில் வைத்தேன்.  அப்போதுதான் முதல்முறையாகக் காலுக்கு நேர் கீழே தரையைப் பார்த்தேன். எவ்வளவு உயரம்! கோபமும் போய்விட்டது, பயந்துகொண்டிருந்த விஷயமும் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி என்னைத் தாங்க ஒன்றுமே இல்லை. மேடை விளிம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"டேய்," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "எறங்க முடியலடா."

கொய்யா மரத்தைப் பற்றி யாராவது சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. தம்பி போனைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்தான். செருப்பைக் கழற்றினான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி மேலே ஏறி வந்தான். அவன் கை என் கணுக்காலைப் பிடித்தது, கண் அப்போதும் மூடியே இருந்தது.

"இதுல வைங்க்கா," என்று என் பாதத்தைப் படியில் பதித்தான். "நான் புடிச்சிருக்கேன்."