புகை இல்லை என்று எழுதியவள்

1978 மாசியில் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை ஒரு படிவத்தை மருத்துவச்சி மீனாம்பாளிடம் கொடுத்தார். பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் லயத்தின் வரிசை அறைகளை விட்டுப் புதுவீடுகளுக்குப் போய் ஆறு மாதமாகியிருந்தது. வீடுகள் எப்படியிருக்கின்றன என்று பார்த்து எழுத வேண்டும். நன்றாயிருந்தால் அதே மாதிரியில் இன்னும் முப்பது கட்டுவார்கள்.

மீனாம்பாள் தான் வருவதாகக் கங்காணியிடம் சொல்லியனுப்பிவிட்டுப் போனாள். எல்லா வீடும் பளிச்சென்று இருந்தது. சுப்பம்மா வீட்டில் தேநீர் ஆறிப்போயிருந்தது. சுவரில் சாய்ந்தபோது வெள்ளைச் சேலையில் சுண்ணாம்பு ஒட்டியது, தட்டிவிட்டாள். பத்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ‘புகை: இல்லை’ என்று பன்னிரண்டு தடவை எழுதினாள்.

வைகாசியில் சுப்பம்மாவின் கைக்குழந்தைக்கு இரண்டாம் முறையாக மூச்சு இழுத்தது. விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே மீனாம்பாள் போய் நின்றாள். வாசல் வழியாகத்தான் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே சுப்பம்மா ரொட்டி சுட, குழந்தை பக்கத்திலே கிடந்தது.

“அன்னைக்குப் புகையே இல்லியே?”

“நீங்க வர்றீங்கன்னு கங்காணி சொன்னாரு. வெள்ளச் சேலையோட வர்றவங்கள புகைக்குள்ள ஒக்கார வைப்பமா? அடுப்ப அணச்சு, செவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். தேத்தண்ணிகூட பழைய லயத்துல போட்டு எடுத்தாந்ததுதான்.”

“எல்லா வீட்லயுமா?”

“பின்னே? ஒரு வீடு மட்டும் மானத்த வாங்குமா?”

மீனாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. குழந்தையின் தொப்புளைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வீட்டையும் விட்டு வராதவள், அன்றைக்கு ஓர் அடுப்பைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நேரே ஆபீசுக்குப் போனாள். மேட்டில் முப்பது வீடுகளுக்கும் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நான் எழுதினது பிழைங்க, துரை. வர்றேன்னு சொல்லிட்டுப் போய்ப் பாத்தேன். நாளைக்கு விடியக்காலம் சொல்லாம வாங்க.”

துரை வந்தார். சுப்பம்மா வீட்டுக்குள் ஒரு நிமிஷம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முப்பது வீட்டுக்கும் புகைக்கூண்டு சேர்ந்தது.

“அந்தப் பன்னிரண்டு?”

“அது கட்டி முடிஞ்சதுதானே, மருத்துவச்சி. நீங்க எழுதினத மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. பொறகு பாப்போம்.”

அந்தப் பிறகு வரவேயில்லை. குழந்தை பிழைத்தது, ஆனால் மழை விழுந்தால் மூச்சு இழுக்கும். மழைக்காலமெல்லாம் மீனாம்பாள் பெரட்டுக்கு முன்பே போய், அதன் நெஞ்சில் காது வைத்துக் கேட்பாள். சுப்பம்மா அடுப்பை அணைக்க எழுந்தால், “இருக்கட்டும்” என்பாள். புகைக்குள் உட்கார்ந்து, கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.